இரண்டு நாள் நெல்லை: பத்தமடையை முதலில் வைத்து ஒரு திட்டம்

நெல்லைக்கு இரண்டு நாள் போய்வர நினைப்பவர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். காலையில் நெல்லையப்பர் கோயில், அங்கிருந்து வண்டி பிடித்துப் பாபநாசம், அகஸ்தியர் அருவி, முடிந்தால் குற்றாலம், இருட்டியபின் திரும்பி வந்து அல்வா. பத்தமடை இதில் வண்டியைச் சாலையோரம் நிறுத்திப் பாய் வாங்கும் கால்மணி நேரமாகச் சுருங்கிவிடும். இந்த அத்தியாயம் பத்தமடைக்கு ஒரு முழுக் காலையைக் கொடுக்கிறது. அருவிகளை இன்னொரு பயணத்துக்கு விட்டுவிடச் சொல்கிறது. இரண்டு நாளில் எட்டு இடங்களைத் தொட்டுவிட்டு வருவதைவிட நாலு இடங்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவது மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

திட்டம் போடுமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தாமிரபரணிக் கரையில் நீங்கள் பார்க்க விரும்பும் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் இருக்கிறது, அது உங்களுக்காக மாறாது. கோயில் நடை மதியம் பன்னிரண்டரைவாக்கில் சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். பாய் நெய்யும் பெண்கள் காலையில் வீட்டுவேலை முடித்துத்தான் தறியில் உட்காருவார்கள். இருட்டுக்கடை மாலையில்தான் அல்வா தரும். அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பத்தமடையிலும் வெள்ளி நண்பகல் தொழுகை நேரம். ஆகவே வெள்ளிக்கிழமையை இந்தப் பயணத்திலிருந்து கழித்துவிடுங்கள். சனி, ஞாயிறுதான் உங்களுக்குத் தோது என்றால் வெள்ளி இரவு ரயிலேறுங்கள். வார நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. கோயில் அலுவலகங்களில் அனுமதி கேட்க ஆள் இருப்பார்கள்.

தங்குவதற்குத் திருநெல்வேலி சந்திப்பைச் சுற்றி எல்லா விலையிலும் அறைகள் உண்டு. பத்தமடையில் தங்க நினைக்க வேண்டாம். நெல்லையிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். அம்பாசமுத்திரம், பாபநாசம் போகும் பேருந்துகள் அந்த வழியாகவே போகின்றன. ரயிலில் போக ஆசைப்பட்டால் செங்கோட்டை வண்டியில் சேரன்மகாதேவியில் இறங்கி, சில கிலோமீட்டர் ஆட்டோவில் திரும்பி வர வேண்டும். வயலும் வாழைத்தோப்பும் வாய்க்காலுமாக விரியும் அந்தப் பாதைக்காகவே ரயிலைப் பரிந்துரைப்பேன். ஆனால் முதல் நாள் மாலை திருப்புடைமருதூருக்குப் போக வண்டி தேவைப்படும் என்பதால், மூன்று நாலு பேராகப் போகிறவர்கள் அன்றைக்கு ஒரு வாடகைக் கார் பேசிக்கொள்வது நல்லது.

முதல் நாள் காலை: பத்தமடை

ஒன்பதரை மணிக்குமேல் போய்ச் சேருங்கள். அதற்கு முன் போனால் அடுப்படி வேலைக்கு நடுவே போய் நிற்பீர்கள்.

பத்தமடைப் பாயைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். அது எப்படி உருவாகிறது என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. கோரை ஆற்றோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் வளரும் புல். அதைப் பச்சையாக அறுத்து, கிழித்து, வெயிலில் காயவைத்து, பிறகு கட்டுக்கட்டாக ஓடும் தண்ணீரில் சில நாட்கள் ஊறப்போடுவார்கள். தேங்கிய தண்ணீர் சரிப்படாது. ஊறி உப்பிய கோரையை மீண்டும் காயவைத்து, மெல்லிய பாய்க்கு வேண்டுமென்றால் மறுபடியும் நுணுக்கமாகக் கிழிக்க வேண்டும். பாயின் தரம் பெருமளவு இந்தக் கிழிப்பிலேயே முடிவாகிவிடுகிறது. தறியில் நடப்பது அதன் பிறகுதான்.

தறி தரையோடு ஒட்டி இருக்கும். பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டி, நீளமான குச்சியின் நுனியில் கோரையைக் கொடுத்துப் பாவின் ஊடே செலுத்தி, அச்சால் நெருக்கி அடிப்பார்கள். ஒவ்வொரு இழைக்கும் இதே வேலைதான். பாவில் நூல் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நுணுக்கம் பாய்க்கு வரும்; அதைக் ‘கவுண்ட்’ என்று சொல்லி விலை பேசுவார்கள். தரையில் விரித்துப் படுக்கும் சாதாரணப் பாய் ஐம்பதை ஒட்டி இருக்கும். பட்டுப்பாய் என்று பெயர் வாங்கியது நூறிலிருந்து நூற்று நாற்பது வரை போகும். சாதாரணப் பாய் சீக்கிரம் முடிந்துவிடும்; பட்டுப்பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். 1953-ல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனது என்பதை ஊரில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பத்துப் பெண்கள். தறி இருப்பது அவர்கள் வீட்டுக்குள். அது காட்சிக்கூடம் அல்ல என்பதை வழிகாட்டி நூல்கள் சொல்லத் தவறுகின்றன. முன்பின் தெரியாத ஆண்கள் நாலு பேர் கேமராவோடு வாசலில் போய் நிற்பது சரியல்ல. முதலில் பாய் நெசவுக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ பாய்க்கடைக்கோ போங்கள். தறி பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். கடைக்காரரோ சங்கத்தில் இருப்பவரோ ஒரு வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார். உங்கள் குழுவில் பெண்கள் இருந்தால் அவர்கள் முன்னால் போகட்டும். ‘அக்கா, வேலையைக் கொஞ்ச நேரம் பார்க்கலாமா? எப்ப வந்தா தோதா இருக்கும்?’ என்று கேட்டால் போதும். ஆண்களை ‘அண்ணாச்சி’ என்று அழைத்தால் இந்தப் பக்கத்தில் எங்கும் மரியாதைதான். படம் எடுப்பதைத் தனியாகக் கேட்டு, கையும் தறியும் மட்டும் போதும் என்று சொன்னால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். முகம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ரமலான் மாதத்தில் போகிறவர்கள் பகலில் அந்த வீடுகளில் தண்ணீர்கூடக் கேட்காமல் இருப்பது நல்லது.

இங்கே வழிகாட்டி என்று வெளியிலிருந்து யாரையும் அழைத்து வரத் தேவையில்லை. நெய்கிறவரே வழிகாட்டி. ஆனால் உங்களுக்காக அவர் வேலையை நிறுத்தி ஒரு மணி நேரம் விளக்கினால், அந்த நேரத்துக்குத் தனியாகப் பணம் கொடுங்கள். பாய் வாங்கினோமே, அது போதாதா என்று நினைக்காதீர்கள். கடையில் வாங்கும் பாயின் விலை பல கைகளுக்குப் பிரியும். விளக்கம் சொன்ன நேரம் அவருடையது மட்டுமே. எவ்வளவு என்று கேட்டால் கூச்சப்பட்டு வேண்டாம் என்பார்கள். அதையே பதிலாக எடுத்துக்கொள்ளாமல், ஊர்க்கோயிலில் வழிகாட்டிக்கு எவ்வளவு கொடுப்பீர்களோ அந்த அளவைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

வாங்குவது பற்றி. விசைத்தறிப் பாயும் பிளாஸ்டிக் பாயும் இந்த ஊர்ச் சாலையிலும் விற்பனைக்கு இருக்கும். அவற்றுக்கும் பயன் உண்டு. ஆனால் கைத்தறிப் பாய்தான் வேண்டும் என்றால் வாய்விட்டுக் கேளுங்கள். என்ன கவுண்ட், பாவில் பருத்தியா வேறு நூலா, சாயம் எது என்ற மூன்று கேள்விக்கும் கடைக்காரர் தயங்காமல் பதில் சொல்ல வேண்டும். பாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நெருக்கம் தெரியும். கல்யாணப் பாயில் மணமகன், மணமகள் பெயரை நெய்து தருவது இங்கே வழக்கம். அது வேண்டுமென்றால் முகூர்த்தத்துக்கு வெகு முன்பே சொல்லிவைக்க வேண்டும். போன அன்றே கையில் கிடைக்காது. பேரம் பேசுவதற்கு முன் தறியைப் பார்த்துவிடுங்கள். பார்த்தபின் பேரம் பேச மனம் வருவது கடினம்; அப்படி வராமல் போவதே நியாயம் என்பேன்.

ரிஷிகேசத்தில் 1936-ல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கிய சுவாமி சிவானந்தர் பிறந்ததும் இந்த ஊரில்தான், 1887-ல். மலேயாவில் மருத்துவராக வேலை பார்த்துவிட்டுத் துறவியானவர். அவர் நினைவிடத்துக்கு அரைமணி நேரம் ஒதுக்கலாம்.

ஊரில் டீக்கடையில் ஆமவடையும் டீயும் கிடைக்கும். மதியச் சாப்பாட்டுக்கு மேற்கே நகர்ந்துவிடுங்கள்.

சேரன்மகாதேவி முதல் கல்லிடைக்குறிச்சி வரை

பத்தமடையை அடுத்து வரும் சேரன்மகாதேவியில் ஆற்றை ஒட்டி பக்தவத்சலப் பெருமாள் கோயில் இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள பழைய கோயில். நடை சாத்தியிருந்தாலும் வெளிச்சுவர்க் கல்வெட்டும் ஆறும் பார்க்கலாம். ஆற்றில் இறங்கிக் குளிக்க ஆசை வரும். ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் மாறும், மணல் அள்ளிய பள்ளங்களும் இருக்கும்.

அடுத்தது காருகுறிச்சி. நாகஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலத்தின் ஊர். மண்பாண்டத்துக்கும் பேர் போனது. சக்கரம் சுற்றும் வீட்டைப் பார்த்தால் நிறுத்திக் கேளுங்கள். சமையலுக்கு ஒரு மண்சட்டி வாங்கிக்கொண்டால் இந்தப் பயணத்தில் மிக மலிவாகக் கிடைத்த மிக நல்ல பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

கல்லிடைக்குறிச்சி போய்ச் சேர மதியம் ஆகிவிடும். இந்த ஊர் அப்பளத்தை நம்பி வாங்கலாம். வாங்கும்போது இரண்டு நாளில் ஊர் திரும்புவதைச் சொல்லி, நன்றாகக் காய்ந்ததாகக் கேளுங்கள். இங்கே குலசேகரமுடையார் கோயிலில் 1982-ல் திருடுபோன நடராசர் சிலை ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில் இருப்பது தெரியவந்து, 2019-ல் திரும்பி வந்தது. கடல் தாண்டிப் போன சாமி முப்பத்தேழு வருடம் கழித்து நாடு திரும்பிய கதையை இந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். நூலில் படிப்பதைவிட அப்படிக் கேட்பது நல்லது.

சாப்பாட்டை அம்பாசமுத்திரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இலைச் சாப்பாடு போடும் மெஸ்கள் உண்டு. பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரைக்குள் போனால் எல்லாக் கறியும் இருக்கும். இரண்டரைக்குமேல் போனால் மிஞ்சியதுதான்.

மாலை: திருப்புடைமருதூர்

முன்கூட்டி ஏற்பாடு செய்ய வேண்டிய ஒரே இடம் இதுதான். கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடத்தில் நாறும்பூநாதர் கோயில். சாதாரணமாகப் போனால் சாமி கும்பிட்டுவிட்டு, மருத மரத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுவீர்கள். கோயிலின் பெருஞ்செல்வம் ராஜகோபுரத்துக்கு உள்ளே இருக்கிறது. ஐந்து நிலைகளிலும் சுவர் நிறைய ஓவியங்கள், தூண்களிலும் உத்தரங்களிலும் மரச் சிற்பங்கள். நாயக்கர் காலத்தவை. திருவிளையாடல், ராமாயணக் காட்சிகளோடு போர்க்களமும், குதிரைகளை ஏற்றிவரும் கப்பலும் வரைந்திருக்கிறார்கள். அந்தக் கப்பலைப் பார்ப்பதற்காகவே ஏறலாம். மலையடிவாரத்து ஆற்றங்கரையில் உட்கார்ந்து வரைந்தவருக்கு, துறைமுகத்தில் அரபுக் குதிரை இறங்குவது எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது.

கோபுரத்துக்குள் ஏறக் கோயில் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஒரு வாரம் முன்பே செயல் அலுவலருக்கு எழுதி, புறப்படுமுன் ஒருமுறை பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். அனுமதி கிடைத்தாலும் சாவி வைத்திருப்பவர் அன்றைக்கு ஊரில் இருக்க வேண்டும். படிகள் குறுகலானவை, உள்ளே இருட்டு. டார்ச் எடுத்துப் போங்கள், ஆனால் ஓவியத்தின் மேல் நேராக அடிக்காமல் தரையில் அடித்து அந்த வெளிச்சத்தில் பாருங்கள். முதுகுப்பையைக் கீழேயே வைத்துவிடுங்கள். குறுகலான இடத்தில் திரும்பும்போது சுவரில் உரசி உதிர்வது பையால்தான். ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்கவே கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே ஆற்றங்கரையில் இருக்கலாம்; மருத மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக 2005-ல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம் அது.

இங்கேதான் படித்த வழிகாட்டி ஒருவர் உடன் இருப்பது பெரிய வித்தியாசத்தைத் தரும். பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளிலும் அரசு அருங்காட்சியகத்திலும் கேட்டுப் பாருங்கள். ஆய்வு மாணவர் ஒருவர் அரைநாள் கூட வந்தால், அவருக்கு வண்டியில் இடமும் சாப்பாடும் மதிப்பூதியமும் கொடுங்கள். இரண்டு நாளுக்கும் ஒரே வழிகாட்டியை அமர்த்துவதை நான் ஆதரிப்பதில்லை. பாய் தெரிந்தவருக்கு ஓவியம் தெரியாது. ஓவியம் தெரிந்தவருக்கு, விருந்துக்குச் சொதி வைக்கும் தவசிப்பிள்ளையைத் தெரியாது. அந்தந்த இடத்தில் அந்தந்த ஆளுக்குக் கொடுக்கும் பணம் கூட்டிப் பார்த்தால் அப்படியொன்றும் அதிகமாகிவிடாது.

இரண்டாம் நாள்: நெல்லையும் பாளையும்

நெல்லையப்பர் கோயிலுக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். கூட்டம் குறைவு, கல் குளிர்ந்திருக்கும். மணிமண்டபத்து இசைத்தூண்களைப் பற்றித்தான் எல்லோரும் சொல்வார்கள். ஒரே கல்லில் பெரிய தூணைச் சுற்றிச் சிறு தூண்கள். தட்டினால் வேறு வேறு சுரம் வரும். வருகிறவர்கள் எல்லோரும் தட்டித் தட்டித் தேய்ந்து வருகின்றன, நீங்கள் தட்டாதீர்கள். எனக்கு அதைவிடத் தாமிர சபையின் மரவேலை பெரிது. நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் இது ஒன்று. விதானத்தையும் தூண்களையும் நிதானமாக அண்ணாந்து பாருங்கள். சாமி கோயிலையும் காந்திமதியம்மன் கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபம் 1647-ல் வடமலையப்பப் பிள்ளையன் கட்டியது. காலை வெளிச்சத்தில் அதன் வழியே நடக்கலாம். விளக்கம் வேண்டுமென்றால் ஓதுவாரிடமோ பட்டரிடமோ பூசை இல்லாத நேரத்தில் பணிவாகக் கேளுங்கள். கோயிலோடு வாழ்கிறவர்கள் அவர்கள்.

ரத வீதிகளில் காலைச் சிற்றுண்டி. இட்லியோ பொங்கலோ எதுவும் நன்றாகவே இருக்கும். கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், மதியம் வேலை இருக்கிறது.

பத்து மணிக்குப் பாளையங்கோட்டை. போகும் வழியில் தாமிரபரணியின் குறுக்கே 1843-ல் திறந்த சுலோசன முதலியார் பாலம். அரசாங்கச் சிரஸ்ததாராக இருந்த முதலியார் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்ட வைத்தது. பாளையில் அரசு அருங்காட்சியகம், கிளாரிந்தா அம்மையார் 1785-ல் எழுப்பிய சிறு ஆலயம், மிஷனரி ரேனியஸ் காலத்தில் 1826-ல் கட்டிய ஊசிக்கோபுரத் தேவாலயம். மூன்றும் ஆட்டோ தூரத்தில். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆராதனை முடியும்வரை வெளியே காத்திருங்கள்.

இனி சாப்பாடு. நெல்லைக்கு வந்து சொதி சாப்பிடாமல் போவதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் சொதி ஓட்டலில் தினமும் கிடைக்கும் பண்டம் அல்ல. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்து அது. தேங்காயைப் பிழிந்து முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியே எடுத்து, காய்களைத் தண்ணிப் பாலில் வேகவைத்து, பாசிப்பருப்பும் பச்சைமிளகாயும் சேர்த்து, கடைசியில் முதல் பாலை ஊற்றிக் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். எலுமிச்சம் பழம் பிழிவது இறக்கிய பிறகு. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டாயம். இஞ்சி இல்லாவிட்டால் அத்தனை தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும். முதல் நாளே விருந்துச் சமையல் செய்யும் தவசிப்பிள்ளையிடமோ வீட்டுச் சாப்பாடு போடும் மெஸ்ஸிலோ சொல்லிவைத்தால் செய்து தருவார்கள். ஐந்தாறு பேருக்காவது சொன்னால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். இரண்டு பேர் மட்டும் என்றால் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் கிடைக்குமா என்று விசாரியுங்கள். தொலி உளுந்தும் பூண்டும் தேங்காயும் சேர்ந்த அந்தச் சோற்றுக்கு ஈடாக நெல்லையில் சொதியைத் தவிர வேறொன்றைச் சொல்லமாட்டேன். அசைவம் வேண்டுவோருக்கு இரவில் புரோட்டாவும் சால்னாவும் எந்தத் தெருவிலும் உண்டு.

சாப்பிட்டபின் அறையில் ஓய்வெடுங்கள். நெல்லை வெயிலில் இரண்டு மணிக்கு வெளியே சுற்றுவதால் எந்தப் பயனும் இல்லை.

ஐந்து மணிக்கு மறுபடி டவுண். கீழ ரத வீதியில் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை; திறக்குமுன்பே வரிசை நிற்கும், சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வரிசையில் நிற்க முடியாதவர்கள் சந்திப்பு பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகளில் நாள் முழுக்க வாங்கலாம். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவதுதான் எங்கும் முறை. முதலில் சூடாகக் கொஞ்சம் வாங்கி நின்றபடியே சாப்பிடுங்கள், மேலே ஒரு பிடி காராச்சேவோ மிக்சரோ. ஊருக்கு வாங்குவதை ஆறியபின் கட்டித் தரச் சொல்லுங்கள். சுடச்சுடக் கட்டினால் பயணத்தில் நெய் கசிந்து துணியெல்லாம் பாழாகும்.

மூன்றாம் நாள் கிடைத்தால்

திருச்செந்தூர் சாலையில் போங்கள். கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலின் நாயக்கர் காலச் சிற்பங்கள் ஒரு மணி நேரம் கேட்கும். அதே சாலையில் ஆதிச்சநல்லூர். ஜெர்மானியரான ஜாகர் 1876-லும் அலெக்சாண்டர் ரீ 1899 முதலும் தோண்டிய தாழிக்காடு. இப்போது அகழாய்வுக் குழிகளைக் கண்ணாடி வழியாக அந்த இடத்திலேயே பார்க்கலாம். நிழல் குறைவு, தொப்பியும் தண்ணீரும் வேண்டும்.

எந்த மாதம்

ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை மிக வசதி. சித்திரை, வைகாசியில் வெயில் கடுமை, ஆனால் நுங்கும் பதநீரும் அப்போதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோரை காயாது, தறி வேலையும் மந்தமாகும். 2023 டிசம்பரில் வந்தது போன்ற வெள்ளம் எச்சரிக்கையாக இருக்கட்டும். குற்றாலச் சாரல் பருவமான ஆனி, ஆடியில் அறை வாடகை ஏறும், ரயிலில் இடம் கிடைக்காது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள் பயணச்சீட்டையும் அறையையும் தேதி தெரிந்த உடனே பதிவு செய்துவிட்டு, பத்தமடையைத் தேருக்கு முந்தைய நாளில் வைத்துக்கொள்ளுங்கள். தேரன்று டவுணுக்குள் வண்டி போகாது, நடந்துதான் போக வேண்டும்.